பதினேழு முடிச்சுக் கயிறு

என் அறையில் சட்டை மாட்டும் ஆணியில் ஒரு நைலான் கயிறு தொங்குகிறது. வாங்கியபோது வெள்ளையாக இருந்திருக்கும். உப்பும் வெயிலும் தின்று இப்போது பழைய பல்லின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு முனையில் படகில் மாட்டுவதற்கான வளையம். அதிலிருந்து விரற்கடை தூரத்துக்கு ஒன்றாகப் பதினேழு முடிச்சுகள். நான்காவது முடிச்சில் மட்டும் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். அறைக்கு வருகிறவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜெபமாலையா என்று கேட்பார்கள். மலை என்பேன். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அது அத்தானின் கயிறு. அத்தான் என் அக்காளின் கணவர், சங்கு குளித்தவர். என் அப்பா அதே படகில் அவருக்குக் கயிறு பிடித்தவர். கீழே போனவர் ஒரு தடவை சுண்டினால் ‘நல்லா இருக்கேன்’ என்று பொருள். இரண்டு தடவை சுண்டினால் ‘தூக்கு’. ஆழத்தைப் பாகக் கணக்கில் அளப்பார்கள்; ஒரு பாகம் ஆறடி, அப்போது கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சு. வளையத்தைப் படகில் மாட்டி, அங்கிருந்து முதல் முடிச்சு முதல் பாகம், அடுத்தது இரண்டாம் பாகம் என்று எண்ணிக்கொண்டே கீழே போக வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆனால் ஒன்று, இரண்டு எண்ண நான் பழகியது பள்ளிக்கூடத்தில் அல்ல, அந்த முடிச்சுகளில்தான்.

நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த வருடம், கடலில், குழாய் வழியே மூச்சுக்காற்று அனுப்பும் கம்ப்ரசர் நின்றுபோய், காற்று வராமல், அத்தான் அவசரமாக மேலே வந்துவிட்டார். அப்படிச் சட்டென்று வந்தால் ரத்தத்தில் குமிழி கட்டும். இடது கால் அவருடையதாக இல்லாமல் போயிற்று. ஆறு மாதம் கழித்து இழுத்து இழுத்து நடந்தார். தண்ணீருக்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் நீந்தலாம், கீழே மட்டும் இனிமேல் போகவே கூடாது என்றார் டாக்டர். அந்தக் காலுக்காகத்தான் சைக்கிள் வந்தது. உப்பளப் பாதைகளில் எதிர்க்காற்றில் மிதித்து மிதித்துக் காலைப் பாதி மீட்டார். மீதிப் பாதியும் திரும்ப வேண்டும் என்ற பிடிவாதத்தில் இருந்தவரிடம் நான்தான் செல்போனைக் காட்டினேன். மேற்கே மலையடிவாரத்தில் ஒரு நெடுந்தூர டிரையத்லான். அணையில் நீச்சல், மலைமேல் சைக்கிள், பிறகு ஓட்டம். மதியம் ஒரு மணிக்குள் சைக்கிளோடு உச்சியைத் தொடாதவர்களை அங்கேயே நிறுத்தி வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

அக்காளுக்குச் செய்தி போனதும் அடுப்படியிலிருந்தே கேட்டாள்: “கடல்ல பாதிக் காலைக் குடுத்திய. மிச்சத்தை மலைக்குக் குடுக்கணுமாக்கும்?”

“குடுக்கப் போகலட்டி, வாங்கப் போறேன்,” என்றார் அத்தான்.

அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை.

எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில்வே ஓவர்பிரிட்ஜ் ஒன்றுதான். தினமும் விடியற்காலையில் அதில் நாற்பது தடவை ஏறி இறங்கினார். பாலத்தடியில் டீக்கடை அண்ணாச்சி பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம், “ஏலே மாப்ள, ஒங்க அத்தான் பாலத்துல எதையாவது தொலைச்சிட்டாரா? சொன்னா நாங்களும் தேடுவோம்லா,” என்றார். அத்தான் மேலிருந்தே, “ஒரு காலு அண்ணாச்சி!” என்று கத்தினார்.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு பாதையைப் பார்த்துவரப் போனோம். மேலே தேயிலைத் தோட்டத்துக் கடைகளுக்குக் கருவாடு ஏற்றிப் போகும் மினி லாரியில், கூடைகளுக்கு நடுவே இரண்டு சைக்கிள்களையும் படுக்கவைத்து, உச்சிவரைக்கும் போய்ச் சேர்ந்தோம். அன்றைக்கு வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கீழே கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக மடிந்து கிடந்தன. செல்போனில் அந்தப் பாதையின் ஏற்ற இறக்கப் படம் என்னிடம் இருந்தது. அத்தான் அதை ஒரு நொடி பார்த்துவிட்டு, “இது யாரோ அளந்தது,” என்று இடுப்பிலிருந்து தன் கயிற்றை உருவி, பழைய முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்; வளையத்தோடு கொஞ்ச நீளம் வைத்துக்கொண்டு மீதியைக் கத்தியால் அறுத்துவிட்டார். முடிச்சுகளை அவிழ்க்கும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் சரி என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

மேலிருந்து மெல்ல உருண்டு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் நின்று, காலால் தரையை அழுத்தி, சரிவைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல, வளையத்துப் பக்கமிருந்து நான் ஒரு முடிச்சுப் போட்டேன். நான்காவது வளைவு செங்குத்து. பக்கத்தில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை. “இதுல செவப்பு கட்டு மாப்ள,” என்றார். காலி வண்டியோடு எங்களைத் தாண்டி இறங்கிய லாரி டிரைவர் தலையை நீட்டி, “ஏறதுக்குப் பந்தயம்ங்கிய, எறங்கிக்கிட்டே எண்ணுதிய!” என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அடிவாரத்துக்கு வந்ததும், “ஒரு தடவை ஏறியும் பாத்துருவோம் அத்தான்,” என்றேன். “ஆழம் தெரிஞ்சா போதும். குளிக்கிற அன்னைக்குக் குளிச்சுக்கிடலாம்,” என்றார். எங்கள் ஆட்கள் குண்டு கட்டிய கயிற்றை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். யாரும் ஒத்திகைக்குக் குதிப்பதில்லை. அது எனக்கும் நியாயமாகவே பட்டது.

போட்டியன்று சாரல் பிடித்துவிட்டது. எங்கள் கரையில் அந்த மாதத்தில் ஒரு பொட்டு மழை கிடையாது. மலைக்கு வேறு பருவம் உண்டு என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. நீச்சலில் அத்தான் ஐந்தாவதாகக் கரையேறினார். ஹேண்டில்பாரில் கயிற்றின் வளையத்தை மாட்டிக்கொண்டு மிதித்துப் போனவரைப் பார்த்துவிட்டு நான் வேறொரு வண்டியில் உச்சிக்குப் போனேன். உச்சியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. முதல் வளைவின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். முதல் வளைவு. முதல் முடிச்சை நான் போட்ட இடம் என் காலடியில் இருந்தது. அப்போதுதான் உறைத்தது.

கடலில் நாங்கள் மேலிருந்து எண்ணுகிறவர்கள். மலையையும் மேலிருந்தே எண்ணிக் கட்டிவிட்டேன். மொத்தம் பதினேழு வளைவில், சிவப்பு கட்டிய அந்த நான்காவது வளைவு கீழிருந்து ஏறுகிறவருக்குப் பதினான்காவது. கண் மறைக்கும் பனியில் விரலால் தடவி எண்ணிக்கொண்டு வருகிறவர் நான்காவது வளைவிலேயே சிவப்பைத் தொட்டிருப்பார். இருக்கிற பலத்தையெல்லாம் அங்கே கொட்டியிருப்பார். இவ்வளவுதானா என்று மகிழ்ந்திருப்பார். அந்தப் பாறை மேலே இன்னும் காத்திருப்பது அவருக்குத் தெரியாது. செல்போனில் டவர் இல்லை. கீழே ஓடப் பார்த்த என்னைத் தடுத்து நிறுத்திவிட்டார்கள். படித்தவன் என்று என் கையில் கொடுத்த ஒரே வேலை அது.

ஒரு மணி ஆனது. கொடியைச் சுருட்டினார்கள். எட்டு நிமிடம் கழித்து, பனிக்குள்ளிருந்து முதலில் சக்கரம் வந்தது, பிறகு அவர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, இடது காலை இழுக்காமல் ஊன்றி ஊன்றி நடந்து வந்தார். அட்டையும் பேனாவுமாக நின்ற பெண், “சாரி சார், வண்டியில ஏறிக்கோங்க,” என்றாள். அத்தான் தலையாட்டினார். என்னைப் பார்த்து, ஹேண்டில்பாரில் தொங்கிய கயிற்றை ஒரே ஒரு தடவை சுண்டினார்.

வண்டியில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “மலையைக் கவுத்துப் போட்டுக் கட்டிட்டமா மாப்ள!” பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: “ஆனா காலு நின்னதால நா நிக்கல. பாறைகிட்ட எறங்குனேன் பாரு, ஒரு சத்தம் இல்ல. கண்ணுக்கு முன்னால வெள்ளையா அசையுது. மூச்சு மட்டும் கேக்குது. பன்னெண்டு பாகம் கீழ நின்ன மாதிரியே இருந்துச்சு. சும்மா நின்னுட்டேன்.”

வீட்டில் அக்காள் வாசலிலேயே உட்கார்ந்து அவருடைய இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். “தள்ளிக்கிட்டு ஏறுனது இந்தக் காலுதான?” “ஆமா.” “அப்பச் சரி,” என்று உள்ளே போனாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இருந்தது.

அதெல்லாம் ஐந்து வருடத்துக்கு முன்பு. இப்போது அத்தான் மேற்குக் கரையில் ஒரு துறைமுகத்தில், மண் தோண்டும் கப்பலில் மேல்தள வேலை பார்க்கிறார். போகும்போது கயிற்றை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். பாறையருகே நின்ற கதையை என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நல்ல மனிதர்கள் சொல்லும் பொய் என்று அதை மனதில் ஓர் ஓரமாக வைத்திருந்தேன்.

இந்த வருடம் அதே போட்டிக்கு நான் பெயர் கொடுத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பாதையைப் பார்த்துவரத் தனியாகப் போனேன். இந்தத் தடவை அடிவாரத்திலிருந்து ஏறினேன். கயிற்றை அவிழ்த்துக் கட்ட மனம் வரவில்லை; கடைசி முடிச்சு முதலாவதாக வரும்படி அந்த முனையை ஹேண்டில்பாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன், வளையம் கீழே தொங்கியது. பத்தாவது முடிச்சில் பனி இறங்கியது. பதினான்கில் விரல் சிவப்பு நூலைத் தொட்டபோது பாறை தெரியவில்லை, ஈர வாசனைதான் வந்தது. கால் ஓயவில்லை. ஆனாலும் இறங்கினேன். சைக்கிள் மணியை அடித்துப் பார்த்தேன். தண்ணீருக்குள் அடித்த மாதிரி மங்கிக் கேட்டது. வெள்ளை ஒன்று மெல்ல விலகி, மெல்லச் சேர்ந்தது. என் மூச்சு வேறு யாருடைய மூச்சோ போல் அருகில் கேட்டது. ஒரு நிமிடம் நின்றிருப்பேன் என்று நினைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம் போயிருந்தது.

இரவு அத்தானைக் கூப்பிட்டுச் சொன்னேன். மறுமுனையில் இஞ்சின் இரைச்சலுக்கு நடுவே மெதுவாகக் கேட்டார்:

“அப்போ இத்தன வருசமா நீ நம்பலையா மாப்ள?”

ஆணியில் தொங்கிய கயிற்றைப் பிடித்து ஒரே ஒரு தடவை சுண்டினேன்.