ஊஞ்சல் கொக்கிகளுக்கு நடுவே ஒரு சுவர்

எங்கள் தெருவில் யார் வீட்டுக்குப் போனாலும் காப்பி வருவதற்குள் சுவரைத் தட்டிப் பார்த்துவிடுவேன். கட்டடப் படம் வரைந்தே வயிறு வளர்த்தவன். கை சும்மா இருக்காது. தஞ்சாவூர் அரண்மனைக்குப் பின்னால் இருக்கிற தெரு. பட்டையான சின்னச் செங்கல், கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே தடித்த சுவர். அதைத் தட்டினால் கைதான் வலிக்கும். ஆனால் நாலைந்து வீடுகளில் கூடத்தை நட்டநடுவே வெட்டிக்கொண்டு போகும் மெல்லிய சுவர் ஒன்று உண்டு. வாசலும் இரண்டு. கேமராவோடு வருகிறவர்கள் அதை மராட்டியர் காலத்துப் பாணி என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. அந்தச் சுவர்களில் ஒன்றுக்குப் படம் போட்டவனே நான்தான்.

அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். கழக ஆட்சி நில உச்சவரம்பை இறக்கியிருந்தது. ஒரு குடும்பம் இவ்வளவுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, மிச்சம் நிலமில்லாதவர்களுக்கு. திருவையாற்றுப் பக்கம் இருந்த எங்கள் வயலில் நடவாட்கள் கூலி கேட்டுச் செங்கொடியோடு வரப்பில் உட்கார்ந்திருந்த காலம். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே குடும்பம், ஒரே அடுப்பு. சட்டம் வருவதற்கு முன்பே பாகம் பிரிந்துவிட்டோம் என்று காட்டினால் நிலம் தப்பும். அதற்கு வீடு பிரிந்திருக்க வேண்டும். அதுவும் பழைய பிரிவாகத் தெரிய வேண்டும்.

கொல்லையில் இடிந்து கிடந்த மாட்டுக்கொட்டகையின் செங்கல்லை வைத்தே கொத்தனார் சுவரை எழுப்பினார். சுண்ணாம்பில் சாம்பலைக் கலந்து பூசி, எண்ணெய்த் தலை சாய்ந்த கறைகூட வைத்தார். அந்த ஆளின் கைவேலையை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. பழைய தேதி போட்ட வரைபடம் என் வேலை. அந்த நிலம் உழுதவர்களுக்குப் போக வேண்டியது என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தே வரைந்தேன், அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அடுப்புப் போட்டு, புகை படிவதற்காகத் தினமும் மூட்டச் சொன்னார்கள் சித்தியிடம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் அம்மாவின் அடுப்படியில் நறுக்குவதும் அரைப்பதுமாகவே இருந்தவள் அவள். ரசத்துக்கு எவ்வளவு உப்பு என்பதுகூட அவள் கையில் இருந்ததில்லை. முதலில் வெந்நீர் போட்டாள். பிறகு ரசம். ஒரு மாதத்தில் முழுச் சமையலும் அங்கேயே நடந்தது. சித்தப்பாவும் சாப்பாட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். நாடகத்துக்கு இவ்வளவு வேண்டாமே என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

நிலச் சீர்திருத்த அதிகாரி ஒரு காலையில் வந்தார். சுவரைத் தடவினார், நம்பிவிட்டது போலத்தான் இருந்தது. பிறகு அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்தார். ஊஞ்சலைக் கழற்றிப் பரணில் போட்டிருந்தோம், கொக்கிகளை மறந்துவிட்டோம். ஒரே ஊஞ்சலின் நாலு கொக்கிகளில் சுவருக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. கூடத்தை அளந்தவன் நான். எனக்கே அவை கண்ணில் படவில்லை.

“ஊஞ்சலையும் பாகம் பிரிச்சிட்டீங்களா?” என்றார் அதிகாரி.

அப்பா ஏதோ உளறினார். அதிகாரி இன்னொரு வாசல் வழியாக அந்தப் பக்கம் போனார். சித்தி குழம்பைக் கொதிக்க வைத்திருந்தாள். தனிக்குடித்தனம்தானா என்று அவளைக் கேட்டார். அவள் ஒரு வார்த்தை தடுமாறியிருந்தால் நிலம் போயிருக்கும். தடுமாறவில்லை. என் அடுப்பு, என் சமையல், என் வீட்டுக்காரர் இங்கேதான் சாப்பிடுகிறார் என்று நிமிர்ந்து நின்று சொன்னாள். அவர் அடுப்படியையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டு போனார்.

நிலம் தப்பியது என்று உத்தரவு வந்த வாரமே சுவரை இடிக்க அப்பா கொத்தனாரைக் கூப்பிட்டார். கடப்பாரை விழுவதற்குள் சித்தி வந்து சுவரோடு ஒட்டி நின்றாள். புருஷனின் அண்ணன் என்ற மரியாதையில் அதுவரை அப்பாவிடம் நேருக்கு நேர் பேசியே அறியாதவள்.

“நான் அந்த அதிகாரிகிட்ட பொய் சொல்லலைங்க. இதை இடிச்சீங்கன்னாதான் அது பொய்யாகும்.”

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா கொத்தனாரிடமிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் வைத்தார்.