கீல்காரர் இலேரும் திறக்காத டப்பியும்

பாரிஸில் தாம்ப்ல் தெருப் பட்டறையில் இலேர் போதான் இருபத்திரண்டு வருடமாகப் பார்த்தது ஒரே வேலைதான்: மூக்குப்பொடி போடும் தங்க டப்பிகளுக்குக் கீல் வைப்பது. தான் வைத்த கீல் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு ரொட்டி இறங்காது.

1843 ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை காலை. முந்தின நாள் டப்பி வாங்கிப்போன நோட்டரி தசார் அதோடு வந்து நின்றார்.

"பொடியை நிரப்பி மூடினேன். அதோட சரி, திறக்கவே மாட்டேங்குது. நீங்களே வச்சுக்குங்க."

பட்டறை முதலாளியம்மா பெரீன் இலேரைப் பார்த்தார். "இதை அவரு வேண்டாம்னு விட்டுட்டுப் போனா, நாளையிலேருந்து நீ மோதிரம் தேய்க்கப் போயிடு."

இலேர் டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் தடவினார். மூடி எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

"பெத்தவனுக்கே புள்ளய அடையாளம் தெரியல" என்றான் பக்கத்தில் சித்திரம் செதுக்கும் ஒனொரே.

இலேர் டப்பியை வாயருகே வைத்து ஊதினார். குளிர்ந்த தங்கத்தில் மூச்சு படிந்து மங்கியது. அந்த மங்கலில் மயிரிழையாக ஒரு கோடு தெரிந்தது. அதில் நகத்தை வைத்ததும் மூடி சத்தமில்லாமல் எழுந்தது.

நோட்டரி ஒரு சிட்டிகை இழுத்து, நிறைவாகத் தும்மினார். "அப்போ ஒவ்வொரு தடவையும் நான் ஊதணுமா?"

"ஆமாங்கய்யா. ஆனா ஓசிப்பொடி எடுக்கிறவங்களுக்கு அது தெரியாதுங்களே."

நோட்டரி கொஞ்சம் யோசித்துவிட்டு டப்பியைக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டார்.

"என் மச்சான் வந்து கேட்டா மட்டும் சொல்லிடாதய்யா."

முதலாளியம்மா அடுத்த டப்பியை இலேரின் மேசைக்கு நகர்த்தினார்.