குளியலறைக் கூரையில் பாரிஸ்

எங்கள் வீட்டுக் குளியலறையில் நின்று அண்ணாந்து பார்த்தால் பாரிஸ் தெரியும். கதவைத் திறந்து நுழைபவருக்கு ஈஃபிள் கோபுரம் தலைகீழாகத் தெரியும், சரியாக வாளிக்கு மேலே. கொடிக்கயிற்றுப் பக்கம் லண்டன் மணிக்கூண்டு, சோப்பு மாடத்துக்கு மேலே கையில் தீப்பந்தத்தோடு சுதந்திர தேவி, மூலையில் ஒரு பிரமிடு, மிச்ச இடமெல்லாம் பனி. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மண்ணூரில் பிறந்த ஒருத்தி பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் உலகம் முழுவதையும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பார்த்துவிட்டாள் என்றால் அது நான்தான். உலகம் எங்கள் கூரைக்கு வந்து சேர்ந்தது அத்தையால்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு செல்போன் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தவள். வேலை என்னவென்று கேட்டால் போட்டோ எடுப்பது என்பாள். அது பொய்யில்லை. லைனில் வந்து விழும் ஒவ்வொரு போனின் கேமராவையும் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்காக எதிர்ச் சுவரில் ஒரு படத்தை ஒட்டியிருந்தார்கள். போனை அதற்கு நேராகப் பிடித்து ஒரு போட்டோ. தெளிவாக விழுந்தால் இந்தப் பக்கம், மங்கலாக இருந்தால் அந்தப் பக்கம். ஷிப்டு முழுக்க இதேதான், ஓ.டி. இருந்தால் அதற்கு மேலும்.

படத்தில் ஓர் ஏரி. ஏரிக்குப் பின்னால் பனி மூடிய மலை. கரையில் சிவப்புக் கூரை போட்ட சின்ன வீடு. ஜன்னல் இல்லாத அந்தக் கூடத்தில் வருஷக்கணக்காக அத்தை அந்த ஏரியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊட்டிக்குத் தேன்நிலவு போனவர்கள்கூட ஓர் ஏரியை அத்தனை முறை எடுத்திருக்க மாட்டார்கள்.

“அந்த வூட்டுக் கதவு தொறந்தே கீதுடி,” என்பாள், என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே. “எத்தினி வருசமா பாத்துக்கினு கீறேன். உள்ள யாரோ கீறாங்க. வெளிய வரமாட்றாங்க.”

உள்ளே யார் என்பதுதான் எங்கள் இருவருக்கும் விளையாட்டு. ஒரு கிழவர் என்று நான் சொல்வேன். இல்லை, என் வயதுப் பெண் ஒருத்தி, குளிருக்குப் பயந்து வெளியே வராமல் இருக்கிறாள் என்று அத்தை சொல்வாள். படம் எந்த ஊர் என்று ஒருநாள் சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறாள். எங்கேயோ ஐரோப்பா பக்கம் என்று அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அத்தைக்கு அது வேதவாக்கு.

அதனால்தான் போலந்து என்ற பேர் வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனிக்கு அந்த நாட்டில் இன்னொரு ஆலை இருந்ததாம். இங்கே லைனில் நன்றாக வேலை செய்பவர்களை மூன்று மாதப் பயிற்சிக்கு அங்கே அனுப்புகிறார்கள், அத்தையின் பேரும் அவளோடு வேலை செய்த திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்ணின் பேரும் வந்திருக்கிறது. பயிற்சி என்ன, பதவி உயர்வு உண்டா என்றெல்லாம் அப்பா கேட்டார். அத்தைக்கு ஒரே நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை லீவு விடுவார்கள், பஸ்ஸோ ரயிலோ பிடித்து அந்த ஏரிக்குப் போய், அந்தக் கதவில் எட்டிப் பார்த்துவிட வேண்டும்.

பாஸ்போர்ட் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பிளாட்பாரத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். சித்திரை வெயிலில் கூடத்தின் நடுவே நின்று அதைப் போட்டுப் பார்த்தாள். பிறகு எனக்கும் மாட்டிவிட்டாள். கை முழங்காலைத் தொட்டது. வேர்வை வழிய வழிய இரண்டு பேரும் நடுங்குவதுபோல் நடித்துச் சிரித்தோம். அவள் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் சொந்தக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். வீட்டுக்கு வீடு கூப்பிட்டு விருந்து போட வேண்டும். கோழி அடித்து, நெற்றியில் குங்குமம் இட்டு, ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்து, கடைசியில் திரும்பி வரும்போது எனக்கு ஒரு சென்ட் பாட்டில் என்று முடிப்பார்கள். தண்டலம், குன்றத்தூர் என்று ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டோம். நானும் ஒட்டிக்கொண்டு போனேன், எனக்கு யோகம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேதக்காரர். அவர் தன் பங்குக்கு அத்தையின் தலையில் கைவைத்து, வானூர்தி பத்திரமாகப் போய் இறங்க வேண்டுமென்று கண்ணீரோடு ஜெபித்தார். அத்தைக்குப் பேசி முடித்திருந்த குன்றத்தூர் மாப்பிள்ளை வீட்டாரும், போய்விட்டு வரட்டும், கல்யாணத்தைத் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதுதான் அம்மாவை எல்லாவற்றையும்விட ஆச்சரியப்படுத்தியது.

விருந்தோடு நின்றிருக்கலாம். அப்பா பேனர் வைத்துவிட்டார்.

அப்பா ஒரு கிடங்கு வாசலில் செக்யூரிட்டி. ஆயுசு முழுக்க உள்ளே போகிறவர்களுக்குச் சல்யூட் அடித்தவர். தெருவே அண்ணாந்து பார்க்கும்படி ஒரு காரியம் அவர் வீட்டில் நடப்பது அதுதான் முதல் முறை. விசா இன்னும் கைக்கு வரவில்லை, கொஞ்சம் பொறுங்களேன் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். “கம்பெனிக்காரனே இட்டுனு போறான், இவ இன்னாத்துக்கு குறுக்கால வரா?” என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பேனர் கடைப் பையன் போலந்தில் என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறான். அப்பாவுக்குத் தெரியவில்லை. பனி கொட்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவனும் கையில் இருந்த வெளிநாட்டையெல்லாம் எடுத்துக் கொட்டிவிட்டான். நடுவில் அத்தை, பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம், கழுத்தில் அவனாகவே போட்டுவிட்ட ஒரு மாலை. மேலே ‘எங்கள் குலவிளக்கே, சென்று வா, வென்று வா’. கீழே வாழ்த்தும் நெஞ்சங்களாக வரிசையாக எங்கள் தலைகள். ஓரத்தில் நான், காதில் ஒரு போனை வைத்துக்கொண்டு. தெருமுனையில் சவுக்குக் கட்டை நட்டுக் கட்டினார்கள். கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடமும் அதுதான். தினமும் அத்தை தன் முகத்துக்குக் கீழே நின்று பஸ் ஏறினாள். முதல் நாள் வெட்கப்பட்டாள். பிறகு பஸ்ஸில் ஏறுவதற்கு முன் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனவள் மத்தியானமே திரும்பி வந்தாள். அந்தத் திருநெல்வேலிப் பெண்தான் தோளைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

“கேட்டை அடைச்சிட்டாவ மதினி,” என்றாள் அம்மாவிடம். “ஒருத்தரையும் உள்ள விட மாட்டேங்காவ. கம்பெனியே இனி கிடையாதாம்லா.”

அத்தை செருப்பைக் கழற்றாமலே கூடத்தில் உட்கார்ந்தாள். எனக்கோ கொண்டாட்டம். அத்தை பகலில் வீட்டில் இருப்பது தீபாவளி, பொங்கலுக்குத்தான். தாயக்கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பிறகு பல நாள் பெண்களெல்லாம் கேட்டுக்கு வெளியே புழுதியில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். பெரிய இடத்து ஆட்கள் வந்து பேசினார்கள். திரும்பத் திறப்பார்கள் என்று ஒரு பேச்சு, வேறு கம்பெனி வாங்குகிறது என்று ஒரு பேச்சு. கடைசியில் வேலையிலிருந்து விலகுவதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். திருநெல்வேலிப் பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். அத்தைக்குப் போக வேறு ஊர் இல்லை. அவள் ஊர் இதுதான்.

பேனர் மட்டும் அப்படியே நின்றது. அவிழ்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊருக்கு நாமே சொன்னதாகிவிடும் என்று அப்பா நினைத்தார் போலும். திறக்கட்டும், திறக்கட்டும் என்று நாளைக் கடத்தினார். கம்பெனி மூடிய சேதி தெரிந்தவர்களும் தெருமுனையில் அத்தையை நிறுத்தி, “இன்னாமா, எப்போ ஃப்ளைட்டு?” என்று கேட்டார்கள். விருந்து போட்டவர்கள் இன்னும் மோசம். காதுகுத்து வீட்டில் ஒரு பெரியத்தை எல்லார் முன்னாலும் சொன்னாள்:

“இவ எங்க போனா? எங்க வூட்டுக் கோழிதான் அநியாயமா போய்ச் சேந்துது.”

பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், கோழி எங்கே போயிருக்கும் என்று எனக்கும் தெரியுமே. அத்தை இலையை மூடிவிட்டு எழுந்தாள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் அவள் வரவில்லை. சாப்பிட்ட சோற்றைத் திருப்பிக் கொடுக்கவா முடியும்?

ஒரு மத்தியானம், அப்பா டூட்டிக்குப் போயிருந்தபோது, அத்தை முக்காலியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு என்னையும் கூப்பிட்டாள். தெருவில் ஈ காக்கை இல்லை. நான் முக்காலியைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறிக் கயிற்றை அறுத்தாள். பேனர் சரிந்து எங்கள் இருவர் மேலும் விழுந்தது. உள்ளே ஒரே சூடு, பெயிண்ட் வாசனை. அதற்குள்ளிருந்தே கேட்டேன்:

“போறப்ப இதயும் எடுத்துனு போவியா அத்த?”

“ஆமாண்டி,” என்றாள்.

அப்போது எங்கள் குளியலறைக்குச் சுவர் மட்டும்தான் இருந்தது. மேலே ஓலைத் தட்டி, அதுவும் மழைக்கு உளுத்துப் போயிருந்தது. அத்தை தட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பேனரை விரித்தாள். பக்கத்து மாடிகளிலிருந்து யார் கண்ணிலும் படக்கூடாதென்று வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து, படத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பினாள். தன் முகமும் எங்கள் தலைகளும் இருந்த கீழ்ப்பகுதியை உள்பக்கமாக மடித்து, மடிப்பின் மேல் செங்கல்லை அடுக்கினாள். அதே மடிப்பில் நானும் போனோடு போய்விட்டேன். என் படத்தை ஏன் மறைத்தாய் என்று அன்றைக்கெல்லாம் அழுதேன். அப்பா வந்து பார்த்தார். இன்னும் இரண்டு செங்கல் எடுத்து வைத்தார்.

குன்றத்தூரிலிருந்து அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. குறை சொல்ல முடியாது, தை மாதம் வரை காத்திருந்துதான் முடித்தார்கள். அத்தை ஒரகடத்துக் கம்பெனிகளில் கேட் கேட்டாக ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் வயதைக் கேட்டார்கள், பிறகு வேறெதுவும் கேட்கவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் தெற்கேயிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, முப்பதைத் தொடும் ஒருத்தி அவர்களுக்கு எதற்கு? பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் பீரோவிலேயே காலாவதியானது. இப்போது அத்தை ஒரகடத்தில் வேலைக்கு வரும் பெண்கள் தங்கும் விடுதியொன்றில் சமைக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பெண்கள் செல்பி எடுக்கக் கூப்பிட்டால் கரண்டியோடு உள்ளே போய்விடுவாள். போனை யாராவது தன் பக்கம் திருப்பினால் அவளுக்குத் தாங்காது. அவளுக்கு நியாயம் என்று எதுவும் நடக்கவில்லை. இனிமேலும் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் எனக்கு அப்போது ஒன்பது வயது. பேனர் கூரையான பிறகு குளிப்பது எனக்கு ஊர் சுற்றுவதாகிவிட்டது. உச்சி வெயிலில் பனியினூடே வெளிச்சம் இறங்கி, தண்ணீர், வாளி, என் கை எல்லாம் நீலமாகிவிடும். இன்று லண்டன், நாளை பிரமிடு என்று இடம் மாற்றி மாற்றி நின்று குளிப்பேன். அத்தைக்கும் அந்த விளையாட்டு பிடித்துவிட்டது என்றுதான் நம்பினேன். ஏனென்றால் என்னைவிட அதிக நேரம் உள்ளே இருந்தது அவள்தான். குழாயைத் திறந்து விட்டுவிட்டு வரவே மாட்டாள். தண்ணீர் வாளி நிரம்பி வழிந்து சாக்கடையில் ஓடும் சத்தம் வாசல்வரை கேட்கும். எப்போதும் எதற்கும் கத்தும் அம்மா அதற்கு மட்டும் கத்தவில்லை. எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு சமையற்கட்டும்தான், நடுவே பழைய புடவையில் ஒரு திரை. உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்த இடம் வீட்டிலேயே அந்தக் குளியலறை ஒன்றுதான்.

அத்தை எங்கே என்று யாராவது கேட்டால், வெளிநாடு போயிருக்கிறாள் என்று நான் சொல்வேன். பிறகு ஓடிப்போய் அந்தத் தகரக் கதவைத் தட்டுவேன்.

“அத்த, எந்த ஊர்ல கீற?”

குழாய்ச் சத்தம்தான் கேட்கும். மறுபடி தட்டுவேன்.

“பாரிசுல,” என்று வரும். மூக்கடைத்த குரல், வார்த்தை பாதியில் இடறும்.

பாவம், அங்கே குளிர் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பீரோவைத் திறந்து அந்த ஸ்வெட்டரை எடுத்து வந்து, அவள் வெளியே வந்ததும் கொடுக்கலாம் என்று கதவருகே உட்கார்ந்திருப்பேன்.