பார்க்காமல் போட்ட டிக்

திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையில் ஒரு கிளினிக். ஒரே நாற்காலியை நாங்கள் இரண்டு டாக்டர்கள் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு மணி வரை நான். ஐந்து மணிக்கு மேல் என்னைவிட இருபது வருஷம் மூத்தவர். நேரில் பார்த்துக்கொள்வதே அபூர்வம். லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தவர் அதன் ஓரத்தில் டிக் போட வேண்டும். டிக் இருந்தால் மற்றவர் அதைத் தொடமாட்டார்.

ஊரில் எனக்கு அரைநாள் டாக்டர் என்று பெயர். சிரித்துக்கொள்வேன், உள்ளுக்குள் எரியும்.

அன்று கைக்குழந்தை பசியில் அழுவதாக வீட்டிலிருந்து போன். மேசையில் ஏழெட்டு ரிப்போர்ட்டுகள். மடமடவென்று டிக் போட்டேன். கடைசி இரண்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது லேப் பெண் கூப்பிட்டாள்.

"மேடம், அந்தப் பொதட்டூர்பேட்டை கிட்னி பேஷண்டுக்குப் பொட்டாசியம் ஏழைத் தாண்டிகினு இருக்குது. பாத்தீங்கல்ல?"

"ஆங், பாத்தேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த அளவுக்கு ஏறினால் இதயம் எந்த நிமிடமும் நின்றுவிடலாம். நான் போட்ட டிக்கை நம்பி மூத்தவரும் அதைப் பிரிக்கமாட்டார்.

லேப் பெண்ணிடம் அந்தப் பேஷண்டின் எண்ணை வாங்கி ஆறு முறை அடித்தேன். பவர்லூம் ஓடும் நெசவுக்காரர் வீட்டில் போன் அடித்தால் யாருக்குக் கேட்கும்? குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுக்கச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

தெருத்தெருவாக விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது, தறி இரைச்சலுக்கு நடுவே அவர் சுவரில் சாய்ந்திருந்தார்.

"காலெல்லாம் தொவண்டு போவுதுங்க. அதான் குந்திகினு இருக்கேன்."

அதே ஆட்டோவில் ஏற்றினேன். நாடி தடுக்கித் தடுக்கி ஓடியது. ஆஸ்பத்திரி வாசல் வரை அதிலிருந்து விரலை எடுக்கவில்லை.

பிழைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து மனைவியோடு கிளினிக்குக்கு வந்து, காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ரிப்போர்ட்டைப் பாத்ததும் வூட்டுக்கே தேடிகினு வந்துட்டாங்க. இப்படி யாருங்க வருவாங்க?"

அவர் மனைவி என்னைக் கும்பிட்டார். வெட்கமாக இருந்தது. அந்தப் பாராட்டு பிடித்தும் இருந்தது, அதுதான் இன்னும் கேவலம். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"கையை நீட்டுங்க, பி.பி. பாக்கலாம்" என்றேன்.