மாமாவிடம் மட்டும் தோற்ற அப்பா

அப்பா என்னிடம் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் நாங்கள் ஆடிய கரம் ஆட்டங்களை எல்லாம் நான் எண்ணி வைத்திருந்தேன். அத்தனையிலும் எனக்குத்தான் தோல்வி. பிள்ளைதானே என்று ஒரு காய்கூட விட்டுத்தர மாட்டார். அப்படிப்பட்டவர் அம்மாவின் தம்பியிடம் நாள்தோறும் தோற்றார். இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கரிக்கிறது.

அப்பா மனநோய் வைத்தியசாலையில் தாதியாக இருந்தவர். பெண் தாதியென்றால் எல்லோரும் மிஸ்ஸி என்பார்கள். ஆணை எப்படி அழைப்பதென்று தெரியாமல் எங்கள் லேன்காரர் "ஆம்பிளை மிஸ்ஸி" என்று பகிடி பண்ணுவார்கள். வேலையில் நாள் முழுக்கக் கதைத்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அவர் வாய் திறப்பது அரிது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்தக் கரம் பலகைதான்.

மாமா அந்த வைத்தியசாலை வார்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்ததும் அதுவும் போயிற்று. காதுக்குள் யாரோ ஏசுகிறார்கள் என்று முதலில் சாப்பாட்டையும், பிறகு துறைமுக வேலையையும் விட்டவர் அவர். மாதமுடிவில் டொக்டர் பார்ப்பார், தேறவில்லையென்றால் திரும்பவும் வார்டுதான் என்று அப்பா சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா அன்றைக்குச் சோற்றைக் கருக விட்டார். நான் மாதமுடிவை ஆவலோடு எதிர்பார்த்தேன்.

பின்னேரங்களில் அப்பா மாமாவுக்கு நேரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருவார். மாத்திரையால் மாமாவின் விரல்கள் நடுங்கும். ஸ்ட்ரைக்கர் கோணலாகப் போகும். அப்பா அவசரப்படுத்த மாட்டார். மாமா குறி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரவு நித்திரை வந்ததா, குரல்கள் என்ன சொல்லின, எதையாவது செய்யச் சொல்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பதில் வரும்வரை அடுத்த கேள்வி இல்லை. பிறகு, என்னால்கூடப் போடக்கூடிய காயைத் தவறவிட்டுத் தோற்பார். பவுடர் டின்னைப் பிடித்தபடி நான் கேள்விகளை எண்ணுவேன். ஒரு பின்னேரம் மாமாவுக்குப் பதினாறு. எனக்கு ஒன்றுதான்: "படிச்சியா?"

ஒரு சனிக்கிழமை, சிவப்புக் காய் குழியின் வாயிலேயே நின்றது. அப்பா அதை விட்டு வேறெங்கோ அடித்தார். மாமா தன் முறைக்கு ஸ்ட்ரைக்கரை எடுக்கவில்லை.

"அத்தான், சிவப்பை வேணுமெண்டுதானே விட்டனீங்கள்?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "எப்ப தொடக்கம் தெரியும்?"

"போன கிழமை தொடக்கம். இவ்வளவு மோசமா விளையாடுற ஆளை அக்கா கட்டியிருக்க மாட்டா."

அப்பா சிரித்தார். என் பகிடி எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. பிறகு குரல்களைப் பற்றிக் கேட்டார்.

"இருக்கு. ஆனா பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. கேட்கத்தான் வேணுமெண்டு இல்லை."

"அப்ப காயை அடுக்கு. இனி விடமாட்டன்."

விடவும் இல்லை. முன்பு என்னோடு ஆடியது போலவே, துளி இரக்கமில்லாமல் காய்களைக் குழிகளுக்குள் தள்ளினார். மாமா படுதோல்வி அடைந்து, சிரித்து, இன்னொரு ஆட்டம் கேட்டு, அதிலும் தோற்றார்.

நான் குசினிக்கு ஓடினேன். "அம்மா, மாமா தோத்திட்டார். ரெண்டு தரம். அப்பா விடவேயில்லை."

அம்மா கையிலிருந்த கத்தியை வைத்தார். "உண்மையாவோ? அப்பா விடேல்லையோ?"

ஓம் என்றேன். அவர் என்னை இழுத்து இறுக அணைத்துக்கொண்டார். அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் சலிக்காமல் ஓம், ஓம் என்றேன். என் உச்சந்தலை அவருடைய கண்ணீரில் நனைந்தது. அந்த வீட்டில் என் கட்சியில் அம்மாவாவது இருக்கிறாரே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்படித் தோற்ற ஆளை டொக்டர் இனி வீட்டில் விடமாட்டார், மாமா வார்டுக்குத்தான் என்று முழுமனதாக நம்பியபடி நானும் அம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.