குவாரி ரயில் ஓடிய சனிக்கிழமை

"மேற்படி பாதையில் வண்டி இன்றும் ஓடும் நிலையில் உள்ளதாகத் தாங்கள் கூறுவதால், வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள், ஆட்களை ஏற்றிக்கொண்டு, தன் நீராவியால், கொட்டகையிலிருந்து குவாரி முனை வரை அது ஓடுவதை எங்கள் அலுவலருக்கு நேரில் காட்டவும். காட்டினால் பாதையை விட்டுத் தள்ளி வேலி போடப்படும். தவறினால் திங்கட்கிழமை தண்டவாளம் பெயர்க்கும் பணி தொடங்கும்."

இந்தக் கடிதம் எங்கள் கைக்கு வந்தது கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். கடிதத்தின் தலையில் அந்த வாரத் திங்கட்கிழமைத் தேதி இருந்தது. இடைப்பட்ட நாட்களில் அது எந்த மேஜையில் கிடந்தது என்று விசாரிக்க நேரமில்லை. தேதி ஒன்றை விசாரிக்காமல் நான் விட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் நிலையம் கிடையாது. கோயிலுக்கு வருகிறவர்களும் சரி, வேலைக்கு வருகிறவர்களும் சரி, பஸ்ஸில்தான் வந்து இறங்க வேண்டும். அப்படிப்பட்ட வட்டாரத்தில், மண்ணூர்ப் பக்கம், ஓர் ஏரிக்கரையை ஒட்டி, இரண்டடி அகலத் தண்டவாளத்தில் நீராவி ரயில் ஓடுகிறது என்று சொன்னால் என் அலுவலகத்திலேயே நம்ப ஆளில்லை. குவாரியிலிருந்து கல் ஏற்றி வரப் போட்ட பாதை அது. குவாரி மூடிய பிறகும் அதன் முதலாளி வண்டியை விற்க மனம் வராமல் வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகள் நிலத்தைக் கிடங்கு கட்டும் நிறுவனம் ஒன்றுக்கு விற்றார்கள். எஞ்சினும் ஒரே ஒரு பெட்டியும் எங்களுக்கு, பாதை அந்த நிறுவனத்துக்கு என்றாயிற்று. கடிதம் அவர்கள் எழுதியதுதான்.

நாங்கள் என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி வண்டியைத் துடைத்து ஓட்டிப் பார்க்கும் ஏழெட்டுப் பேர். நான் சுங்குவார்சத்திரத்தில் கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில், தரப் பிரிவில் ஆவணங்கள் பார்க்கிறவன். எது என்றைக்கு நடந்தது, எதை நான் பார்த்தேன், எதைப் பிறர் சொல்லக் கேட்டேன் என்று பிரித்து எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. வண்டி ஓட்டுகிறவர் திருநெல்வேலிக்காரர். பிஸ்கட் கம்பெனி ஒன்றில் பாய்லர் அறையில் ஷிப்ட் வேலை. பாய்லர் இயக்கும் சான்றிதழ் எங்களில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் இல்லாமல் எஞ்சினில் நெருப்பு மூட்டக் கூடாது. உள்ளூர்க்காரர் ஒருவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். மற்றவர்களுக்கு அந்தச் சனிக்கிழமை ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடியவில்லை. ஆக நாங்கள் மூன்று பேர்.

கடிதத்தைப் படித்துக் காட்டியதும் பஸ் டிரைவர், "இன்னா சார், பொண்ணு பாக்க வர்ற மாதிரி எழுதிகீறாங்க" என்றார்.

பாய்லர்காரர் சிரிக்கவில்லை. "ஓசூர்ல இருந்து ரெண்டு மட்டம் வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க அண்ணாச்சி. இந்தக் கழுதைக்காவத்தான் போவாம கெடக்கேன். திங்கக்கிழம தண்டவாளத்தப் பேத்தாம்னா செவ்வாக்கிழம நான் பெட்டியக் கட்டிருவேன். கம்பெனி பாய்லர்ல பட்டன அமுக்க எந்த ஊரா இருந்தா என்ன."

அவர் போனால் எஞ்சின் வெறும் இரும்பு. சனிக்கிழமை மாலைக்குள் ஓட்டிக் காட்டினால் வண்டியும் மிஞ்சும், ஆளும் மிஞ்சுவார்.

வெள்ளிக்கிழமை மூவரும் விடுப்புப் போட்டோம். பித்தளைக் குழாய்களைப் புளி போட்டுத் தேய்த்தோம். விசிலைத் தேய்த்ததில் என் முகம் அதில் தெரிந்தது. மாலையில் வானம் கறுத்தது; வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று போன் சொன்னது. கொட்டகைக் கூரை ஒழுகும். எங்களிடம் இருந்தது ஒரே தார்ப்பாய். அதை எஞ்சின் மேல் போர்த்தி, நான்கு முனையும் இழுத்துக் கட்டிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு அவரவர் இடத்துக்குப் போனோம்.

விடிய விடிய மழை. சனிக்கிழமை காலையில் வந்து பார்த்தால் எஞ்சின் ஒரு சொட்டு ஈரமில்லாமல் கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று நிற்கிறது. வெளியே அடுக்கியிருந்த சவுக்கு விறகு முழுவதும் நனைந்து கறுத்துக் கிடக்கிறது.

"எஞ்சின எதுக்குவே மூடுனீரு? இரும்புவே அது. நனஞ்சா சளியா பிடிக்கும்?" என்று பாய்லர்காரர் டிரைவரைப் பார்த்துக் கேட்டார்.

"யோவ், பித்தளைல ஒரு சொட்டு படக்கூடாதுன்னு நேத்து குதிச்சது யாரு? நீதான்யா."

"நான் சொன்னேனா?"

"சார், நீங்க சொல்லுங்க. எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பீங்களே."

அதை நான் எழுதி வைத்திருக்கவில்லை. தார்ப்பாயின் ஒரு முனையைக் கட்டியவன் நான் என்பதால் பேச்சை விறகின் பக்கம் திருப்பினேன்.

உலையில் விறகைத் திணித்து, பழைய துணியை டீசலில் நனைத்துக் கொளுத்தினோம். துணி எரிந்தது. விறகு சீறியது, அழுதது, புகைந்தது. கொட்டகை முழுக்கப் புகை நிறைந்து மூன்று பேரும் கண்ணீரோடு வெளியே வந்து நின்றோம். தண்ணீர் கொதிக்கவே இரண்டு மூன்று மணி நேரம் நல்ல நெருப்பு வேண்டும். மதியம் நெருங்கியபோது பிரஷர் கேஜின் முள் தூங்கிக்கொண்டிருந்தது. அலுவலர் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"டீ குடிச்சிட்டு வந்து சாவலாம் வாங்க" என்றார் டிரைவர்.

சாலை முனையில் டீக்கடை வைத்திருக்கும் அம்மா எங்களைப் பார்த்ததும், "இன்னா சார், அடுப்புல பூந்து வர்றீங்களா?" என்று கேட்டார். கதையைச் சொன்னோம். பால் பொங்குவதைக் கவனித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், கரண்டியால் கடைக்குப் பின்னால் காட்டினார். பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் கீழே ஆளுயரத்துக்கு உடைந்த பேலட் பலகைகள். கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் வந்து இறங்கும் மரத்தட்டுகள். இறக்கியதும் உடைத்துப் போட்டுவிடுவார்கள். இந்தப் பக்கத்து டீக்கடை அடுப்புகள் பாதி எரிவது அவற்றில்தான். தினமும் அந்த அடுப்புக்கு எதிரே நின்று டீ குடிக்கும் எங்கள் மூவருக்கும் அது தோன்றவில்லை.

"காஞ்ச கட்டை. எட்துனு போங்க. ஆனா ஒண்ணு, நானும் ஏறுவேன். இத்தினி வருசமா கூ கூன்னு கத்திகினு போதே, ஒரு நாளாவது வாம்மா, ஏறுன்னு எவனாவது கூப்டீங்களா?"

"வாங்கம்மா, ஏறுங்க" என்றேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும் என்று கடிதம் சொல்கிறது. நாங்கள் ஆட்களுக்கு ஏற்பாடே செய்யவில்லை. டிரைவரைப் பார்த்தேன்.

"அத்த வுடுங்க சார். ஷிப்ட் வுட்டதும் பஸ் நெறைய பொண்ணுங்க வரும். கேட்டுப் பாக்கறேன். ஹாஸ்டல் வார்டனுக்கு ஒரு போன் போட்டா போதும்."

டிரைவரின் கம்பெனி பஸ்ஸில், இருக்கைகளுக்கு நடுவே பலகைகளை ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம். ஈர விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுப் பலகைகளை உடைத்து உள்ளே தள்ளினார் பாய்லர்காரர். பைன் மரம். கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டது. உலைக்குள் கேட்ட அந்தக் குமுறலை என்னால் சரியாக எழுத முடியாது. வயிற்றில் கேட்டது என்று மட்டும் சொல்லலாம். டிரைவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். நான் பலகை எடுத்துக் கொடுக்க, பாய்லர்காரர் உலைக்கும் கேஜுக்குமாகத் திரும்பிக்கொண்டே இருந்தார்.

"முழிச்சிட்டா அண்ணாச்சி. பாருங்க, முள்ளு."

முள் அசைந்திருந்தது. பிறகு நகர்ந்தது. பிறகு ஏறத் தொடங்கியது. அவர் விசில் கம்பியை ஒரு தடவை இழுத்தார். ஏரியிலிருந்து கொக்குகள் மொத்தமாக எழும்பின.

அலுவலர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து இளைஞர், துடைத்த ஷூ, ஒரு கையில் குடை. "வணக்கமுங்க. ஓடுமுங்களா?" என்று கேட்டார். ஏளனமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதில் சொல்வதற்குள் பஸ் வந்து நின்று, சீருடையோடு இருபது முப்பது பெண்கள் இறங்கினார்கள். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காலை ஷிப்ட் முடித்தவர்கள். பெரும்பாலோர் மதுரை, ராமநாதபுரம் பக்கம். நனைந்த சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெண், "டிரைவர் அண்ணே, ரயில்னீங்க. இது ராட்டினம் மாதிரில்ல இருக்கு" என்றாள்.

"ஏறுமா. ஏறிட்டு அப்பறம் கொற சொல்லு."

கடைக்காரம்மா கடையைச் சாத்திவிட்டு, நல்ல புடவை உடுத்தி, முன் பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மழை விட்டிருந்தது.

இத்தனை பேரை இழுக்கும் அளவுக்குப் பிரஷர் ஏற ஐந்தேகால் ஆகிவிட்டது. வண்டி புறப்பட்டது. எஞ்சின் முதலில் ஒரு பெருமூச்சு, பின் இன்னொன்று, பிறகு அவற்றுக்கிடையே இடைவெளியே இல்லை. ஏரிக்கரை மேல் ஏறியதும் ஒரு பக்கம் நிரம்பிய தண்ணீர். மறுபக்கம் கார் கம்பெனியின் நிறுத்துமிடம், வரிசை வரிசையாகப் புதுக் கார்கள். காவலாளி கூண்டைவிட்டு வெளியே வந்து கையை உயர்த்தினார். பெண்கள் எல்லாரும் திருப்பிக் கையாட்டினார்கள். பாட்டு ஒன்று ஆரம்பித்து, சக்கரத் தாளத்துக்கு ஒத்துவராமல் சிரிப்பில் முடிந்தது. அலுவலர் குடையை மடித்துக் காலடியில் போட்டுவிட்டு, வெளியே தலை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் எழுதிக்கொள்ள நினைத்து எடுத்த பேனாவைத் திறக்கவே இல்லை.

குவாரி முனைக்குச் சற்று முன்னால் ஒரு மேடு உண்டு. நடப்பவர்களுக்குத் தெரியாத அளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் வெறும் பெட்டியில் போகும்போது வண்டிக்கும் அது தெரிந்ததில்லை. அன்று பெட்டி நிறைய ஆள், தண்டவாளம் ஈரம், வேகமாகப் பிடித்த பைன் பலகை அதே வேகத்தில் தீர்ந்துகொண்டிருந்தது. மேட்டின் பாதியில் சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றின. எஞ்சின் குலுங்கியது, வழுக்கியது, நின்றது.

சத்தம் அடங்கியது. குவாரி முனையின் கல் தூண் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நேரம் இருந்தது, அதிகம் இல்லை.

பாய்லர்காரர் கடைசிப் பலகைகளை உலையில் போட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். "எல்லாரும் எறங்குங்க. பாரம் கொறையட்டும். யாராவது மணல் கொண்டாங்க, தண்டவாளத்துல போடணும்."

பத்தடி தள்ளி, கிடங்குக் கட்டடத்துக்காகக் கொட்டி வைத்திருந்த எம்-சாண்ட் குவியல். தண்டவாளத்தைப் பெயர்க்க நினைத்த நிறுவனத்தின் மணல்தான். பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு ஓடினார்கள். அள்ளி வந்து சக்கரங்களுக்கு முன்னால் கொட்டினார்கள். "ஏய், என் டப்பாவுல கொழம்பு இருக்குடி" என்று ஒரு குரல். "சேத்துக் கொட்டு, நல்லாப் பிடிக்கும்" என்று இன்னொரு குரல்.

எல்லாரும் இறங்கிவிட்டோம், கடைக்காரம்மாவைத் தவிர.

"அம்மா, கொஞ்சம் எறங்குங்க" என்றேன்.

"நான் எறங்க மாட்டேன். ஆள ஏத்திகினு ஓடணும்னு எழுதிகீதுன்னு நீதான சார் சொன்ன? அல்லாரும் எறங்கிட்டா ஆளுக்கு எங்க போவ?"

கடிதத்தின் வாசகத்தை நான்தான் பலமுறை படித்திருந்தேன். அவர் சொன்னது சரி. பெட்டியில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். "உக்காருங்கம்மா, அசையாதீங்க" என்றேன்.

தள்ளு என்று யாரும் சொல்லவில்லை. முதலில் பெட்டியின் பின்பக்கம் கை வைத்தவள், ராட்டினம் என்று சொன்ன பெண். அடுத்து டிரைவர். பிறகு எல்லாரும். எனக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை ஒன்று வந்து நின்றது. அலுவலர்.

"சார், நீங்க எதுக்கு" என்று டிரைவர் ஆரம்பித்தார்.

"மேல ஏறோணுமில்லீங்க" என்றபடி அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் பெட்டியில் வைத்தார்.

பாய்லர்காரர் நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரை மெல்லத் திருப்பியது தெரிந்தது. வெள்ளை நீராவி எங்கள் கால்களைச் சுற்றிக்கொண்டது. மணல் நெரிபடும் சத்தம். நாங்கள் தள்ளினோம். வண்டி ஒரு சாண் நகர்ந்தது. பின்னுக்கு வருமோ என்று பயந்தேன், வரவில்லை. இன்னொரு சாண். அப்புறம் என் கைகளிலிருந்து பெட்டி நழுவிப் போய்விட்டது, எங்களை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினோம். ஜன்னலிலிருந்து கடைக்காரம்மா எங்களுக்குக் கையாட்டினார். பாதிப் பேர் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார்கள். கல் தூணைத் தொட்டபோது பாய்லர்காரர் விசில் கம்பியை விடவே இல்லை. இருந்த மிச்ச நீராவி முழுவதும் அதில் போயிற்று.

அலுவலர் கரி படிந்த கைகளோடு கடிகாரத்தைப் பார்த்தார். என்னுடையதும் அவருடையதும் ஒத்துப்போயின. ஆறு ஆகவில்லை.

திங்கட்கிழமை ஆட்கள் வந்தார்கள், கடப்பாரையோடு அல்ல, வேலிக் கம்பங்களோடு. பாதையை விட்டுத் தள்ளியே நட்டார்கள். பாய்லர்காரர் ஓசூருக்கு எழுதவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண்களில் பத்துப் பேராவது வருகிறார்கள்; இருவர் பாய்லர் தேர்வுக்குப் படிக்கிறார்கள். புதிதாக இரண்டு தார்ப்பாய் வாங்கியிருக்கிறோம்.

அலுவலரின் அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. "வண்டி ஆள் ஏற்றிய நிலையில், தன் நீராவியால், முழுத் தூரமும் ஓடியது" என்று அதில் இருக்கிறது. "ஆட்கள்" என்று எழுதாமல் "ஆள்" என்று எழுதிய அவருடைய கவனத்தை மதிக்கிறேன். ஆனால் "தன் நீராவியால்" என்று எழுதிய அவரும் அந்த மேட்டில் குனிந்து தள்ளிக்கொண்டுதான் இருந்தார்.

பாய்லர்காரரைக் கேட்டால், "கேஜ்ல பிரஷர் இருந்திச்சு அண்ணாச்சி. வழுக்குனதுதான் கொற. மணல் விழுந்ததும் பிடிச்சிக்கிட்டு. நீங்க சும்மா கை வச்சிட்டு நின்னிய" என்கிறார். கடைக்காரம்மா, "அந்தாளு பேச்சக் கேக்காத சார். ஜன்னல்லேந்து நான் பாத்தேன். பொண்ணுங்க தள்ளுச்சுங்க, போச்சு" என்கிறார். டிரைவர் இருவரிடமும் ஆமாம் என்கிறார். அலுவலர் எடுத்த வீடியோ, அவர் போனைப் பையில் போட்ட இடத்தோடு நின்றுவிடுகிறது. நான் தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தேன்; ஸ்லீப்பர் கட்டைகளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. எனவே, குவாரி மேட்டில் வண்டியை அந்த முதல் ஒரு சாண் நகர்த்தியது நீராவியா, எங்கள் கைகளா என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.