கார்பன் அம்பும் ஆறு மணியும்

அம்புக் கடையில் வேலை செய்கிறவளிடம் யாரும் சுகம் கேட்பதில்லை, கார்பனா அலுமினியமா என்றுதான் கேட்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று ஒரே பதிலை நாள் முழுக்கச் சொல்கிற உங்களுக்கு என் பாடு விளங்கும். பிரெஞ்சு பேசுகிற லவால் நகரில் இருக்கிற எங்கள் கடையில், அம்பை ஆளுக்கேற்ற நீளத்துக்கு வெட்டி முனை ஒட்டிக் கொடுப்பது என் வேலை. நாலு வருசமாக வெட்டுகிறேன். ஒரு அம்பைக்கூட வில்லில் வைத்து விட்டதில்லை.

கடைக்குப் பின்பக்கம் வில் பழகுகிற நீளமான அறை ஒன்று உண்டு. வேலை செய்கிறவர்கள் கடை பூட்டியபின், ஆறு மணிக்குமேல் அதில் அம்பு விடலாம். பகலில் மகளைப் பார்த்துக்கொள்கிற கார்டெரியும் ஆறு மணிக்குத்தான் பூட்டும். என் கணவருக்கு டோர்வலில் பின்னேர வேலை. ஆகவே ஐந்தரைக்கு நான் பிள்ளையைக் கூட்டிவர ஓடுவேன்.

ஜொசேயின் கட்டு

ஜொசே மான் வேட்டைக்குப் போகிற பெண். இலை உதிரத் தொடங்கினால் வளைந்த அலுமினிய அம்புகளைக் கட்டாகக் கொண்டுவருவாள். நான் உருட்டிப் பார்த்து நிமிர்த்திக் கொடுப்பேன். விடியும்போது காட்டில் பனி எழும்புவதையும், மான் வருமுன் குருவிகள் சத்தத்தை நிறுத்துவதையும் அவள் சொல்லச் சொல்ல, கை வேலையை மறந்துவிடும். எனக்கும் ஒருநாள் அங்கே நிற்க வேண்டும்போல் இருக்கும்.

கார்பன் வளையாது, பாரமும் குறைவு, வேகமாகப் போகும், அதற்கு மாறினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். ஜொசே ஒரு அம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"வளைஞ்சா வளைஞ்சது தெரியவேணும். கார்பன் வெளியில நேராத்தான் நிக்கும், உள்ளுக்க வெடிச்சிருக்கும். என்ர முதல் புருசன் மாதிரி."

சுவாமிக்கு எது நல்லது

சுவாமி அம்பு விடுகிற வேட்டைத் திருவிழாவுக்கு அம்பு வாங்க ஒரு கோயில் செயலாளர் வந்தார். பிரெஞ்சில் தடுமாறிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்து, "பிள்ளை தமிழோ?" என்றார். "ஓம் அண்ணை" என்றதும் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார்.

நல்லதாகக் கார்பனே தரச் சொன்னார். நான் விளக்கினேன். கார்பன் அம்பை ஒவ்வொரு தரமும் விடுமுன் காதுக்குக் கிட்டப் பிடித்து மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். கறுக் என்று சத்தம் கேட்டால் எறிந்துவிட வேண்டும். பாராமல் விட்டால் சிதறிக் கையில் ஏறும்.

"ஐயர் மந்திரத்தைப் பாப்பாரோ, இதைக் காதில வைச்சுப் பாப்பாரோ? அலுமினியத்தையே தாங்கோ" என்றார். பிறகு, நான் எந்த அம்பு விடுகிறேன் என்று கேட்டார். இன்னும் விட்டதில்லை என்றேன். அவர் எழும்பிய கதிரையில் திரும்ப இருந்தார்.

"சுவாமியே வருசத்துக்கு ஒருக்கா விடுறார் தங்கச்சி. நீர் நாலு வருசமா ஒண்டும் விடேல்லையோ?"

லுக்கின் பன்னிரண்டு

லுக் நெடுத்த பெடியன். கை நீளத்தை அளக்க எங்களிடம் இலகுவான வில்லும், அங்குலக் கோடு போட்ட அம்பும் இருக்கின்றன. அவன் இழுத்துப் பார்த்தான், இருபத்தொன்பது. துண்டுக் கடதாசியில் எழுதினேன். பன்னிரண்டு கார்பன், பின்னேரம் வந்து எடுப்பதாகச் சொல்லிப் போனான்.

கடையில் ஆளில்லை. ஆளில்லாத நேரம் அந்த வில்லை நானும் ஒருதரம் இழுத்துப் பார்ப்பது வழக்கம். நாண் கன்னத்தில் படும்வரை இழுத்துக் கொஞ்சநேரம் நிற்பேன். பிறகு மெல்ல இறக்கிவிடுவேன். அன்றும் அப்படித்தான். என் அளவு இருபத்தாறு என்று பார்த்த கையோடு மாஸ்க்கைப் போட்டு, அறுக்கிற வாளை ஓடவிட்டு, பன்னிரண்டையும் இருபத்தாறுக்கு வெட்டி அடுக்கினேன். கடைசி அம்பைத் துடைக்கும்போதுதான் துண்டு கண்ணில் பட்டது.

நீளமென்றால் இன்னும் வெட்டலாம், கட்டையென்றால் போச்சு. லுக் இழுத்தால் முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து அவன் கையையே குத்தும். முதலாளி ஜில்லிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஒரு அம்பை எடுத்து, என் கையை நீட்டச் சொல்லிப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். லுக்குக்கு வேறு பன்னிரண்டைத் தானே வெட்டினார். பிறகு கட்டை அம்புகளைப் பெட்டியில் போட்டு, மேலே என் பெயரை எழுதினார்.

"இது இனி உன்னைத் தவிர ஒருத்தருக்கும் சரிவராது. எப்ப விடப்போறாய்?"

கார்பனா அலுமினியமா என்று கேட்கிறவர்களுக்கு இப்போதும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன், ஆனால் என்னைக் கேட்டால் எனக்கு வேண்டியது ஏழு மணிவரை திறந்திருக்கிற ஒரு கார்டெரிதான்.